ஸ்லைடு போட்டுப் பார்த்தாங்களா?

"பிளேட்லெட் இருபதாயிரம்தான் இருக்குதாம், டிக் ஃபீவராம்." தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் நாய் வளர்க்கிற வீடுகளில் இந்த ஒரு வரிதான் நோயின் பெயர், காரணம், எதிர்காலம் எல்லாமாக இருக்கிறது. டெங்கு வந்த வீடுகளில் பழகிப்போன கணக்கு இது. பிளேட்லெட் இறங்கினால் பயம், ஏறினால் நிம்மதி. அதே கணக்கை அப்படியே நாய்க்கும் போட்டுவிட்டோம். பப்பாளி இலையை இடித்துச் சாறு பிழிந்து நாயின் வாயில் ஊற்றுவது வரை வந்துவிட்டது. நாய் ஏற்கெனவே வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும். அந்தக் கசப்புச் சாறு இன்னும் இரண்டு முறை வாந்தி எடுக்க வைக்கும். சிவப்பணுவுக்குள் உட்கார்ந்திருக்கிற ஒட்டுண்ணிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

பிளேட்லெட் எண்ணிக்கை முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி "ஸ்லைடு போட்டுப் பார்த்தாங்களா?" என்பது. அதாவது, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்களா என்று. அதை யாரும் கேட்பதில்லை. கேட்காததால், கொஞ்ச நேர வேலையில் தெரிந்திருக்க வேண்டியது பல வாரம் கழித்து, நாய் மறுபடி படுத்த பிறகு தெரியவருகிறது.

டிக் ஃபீவர் என்பது ஒரு நோயின் பெயரே இல்லை. உண்ணி கடித்து வருகிற பல நோய்களைப் போட்டுக் கட்டிய மூட்டை அது. பபேசியா சிவப்பணுவுக்குள் வாழும் ஒட்டுண்ணி. எர்லிக்கியா கேனிஸ் ஒரு பாக்டீரியா, வெள்ளையணுக்களில் மோனோசைட் என்ற வகைக்குள் இருக்கும். அனபிளாஸ்மா பிளாட்டிஸ் பிளேட்லெட்டுக்கு உள்ளேயே குடியிருக்கும். ஹெபட்டோசூன் நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவுக்குள் தெரியும். அது மட்டும் உண்ணி கடித்து வருவதில்லை, நாய் தன் உடம்பைக் கடிக்கும்போது உண்ணியை விழுங்கிவிடுவதால் வருகிறது. இவற்றில் எது வந்தாலும் பிளேட்லெட் குறையலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து இல்லை. ஒரே நாய்க்கு இரண்டு சேர்ந்து வருவதும் உண்டு, ஏனென்றால் பழுப்பு நாய் உண்ணி ஒன்றே இவற்றில் பலவற்றைச் சுமக்கிறது. ஆகவே பிளேட்லெட் குறைவை வைத்து 'உண்ணி நோயாக இருக்கலாம்' என்று ஐயப்படலாம். எந்த நோய் என்று சொல்ல முடியாது.

அச்சாகி வரும் காகிதம்

டெல்டாவின் சிறு ஊர்களில் நாயின் ரத்தம் பெரும்பாலும் மனிதர்களுக்கான லேப்புக்குத்தான் போகிறது. அதில் தவறில்லை. ஆனால் அந்த மெஷினும் அந்தக் காகிதமும் மனித ரத்தத்துக்கு அமைத்தவை. உதாரணத்துக்கு 20 கிலோ நாய் ஒன்றின் ரிப்போர்ட் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ஹீமோகுளோபின் 6.1, பிசிவி (ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்பது) 18, சிவப்பணு 26 லட்சம், எம்சிவி 69, வெள்ளையணு 13,400, பிளேட்லெட் 22,000. பக்கத்தில் அச்சான 'நார்மல்' வரம்புகளை வைத்துப் பார்த்தால் வெள்ளையணுவுக்கு நேரே 'அதிகம்' என்று நட்சத்திரக் குறி இருக்கும், எம்சிவிக்கு நேரே 'குறைவு' என்று இருக்கும். இரண்டுமே தவறு. நாய்க்கு வெள்ளையணு 6,000 முதல் 17,000 வரை இயல்பு. எம்சிவி, அதாவது சிவப்பணுவின் சராசரிப் பருமன், மனிதருக்கு 80 முதல் 100. நாய்க்கு 60 முதல் 77. நாயின் சிவப்பணு இயற்கையிலேயே சிறியது. இது தெரியாமல் படித்தால் 'எம்சிவி குறைவு, ரத்தசோகை, அப்படியானால் இரும்புச்சத்துக் குறைவு' என்று முடிவாகி, இரும்பு டானிக் எழுதிக்கொடுக்கப்படும். பபேசியாவில் சிவப்பணு உடைந்து இரும்பு உடம்புக்குள்ளேயே கொட்டிக் கிடக்கிறது. டானிக்குக்கு அங்கே வேலையே இல்லை.

நாய்க்கான வரம்புகளைத் தனியாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஹீமோகுளோபின் 12 முதல் 18, பிசிவி 37 முதல் 55, சிவப்பணு 55 லட்சம் முதல் 85 லட்சம், பிளேட்லெட் 2 லட்சம் முதல் 5 லட்சம். லேப்புக்கு லேப் கொஞ்சம் மாறும், ஆனால் இதிலிருந்து வெகுதூரம் போகாது.

இனி அந்த 22,000. இது நிஜமான 22,000 தானா? ஊசி குத்தி ரத்தம் சரியாக வராமல், நரம்பைத் துழாவித் துழாவி எடுத்திருந்தால் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்களாகிவிடும். மெஷின் அந்தத் திரளைப் பிளேட்லெட்டாக எண்ணாது; பெரிய திரளாக இருந்தால் வெள்ளையணு என்றுகூட எண்ணிவிடும். ஊதா மூடி ட்யூபில் ரத்தத்தை விட்டதும் எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது, குலுக்கினால் அணுக்கள் உடையும். ட்யூபில் போட்டிருக்கும் கோடு வரை ரத்தம் இருக்க வேண்டும். 2 மில்லி ட்யூபில் அரை மில்லி மட்டும் விட்டால், ரத்தம் உறையாமலிருக்க ட்யூபில் போட்டிருக்கும் மருந்து அதிகமாகி அணுக்கள் சுருங்கும், பிசிவி உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். ரத்தம் குறைவாகத்தான் கிடைக்கும் என்றால் குழந்தைகளுக்கான சின்ன ட்யூபைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பிசிவி குழாயில் கண்ணுக்குத் தெரிவது

அணுக்களை எண்ணும் மெஷின் இல்லாத இடத்திலும் செய்யக்கூடியது பிசிவி. மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி, ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து, 12,000 சுற்று வேகத்தில் 5 நிமிஷம் சுழற்றினால் மூன்று அடுக்காகப் பிரியும். அடியில் சிவப்பணு, நடுவில் வெண்மையான மெல்லிய படலம், மேலே பிளாஸ்மா. பலரும் சிவப்பு அடுக்கின் உயரத்தை அளந்துவிட்டுக் குழாயைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். மேலே நிற்கும் பிளாஸ்மாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நல்ல நாய்க்கு அது கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் இருக்கும். மஞ்சள் கரைத்த தண்ணீர் போலிருந்தால் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ஏறியிருக்கிறது. ரோஜா நிறமாகவோ சிவப்பாகவோ இருந்தால் ரத்தக்குழாய்க்குள்ளேயே சிவப்பணு உடைகிறது, அல்லது ரத்தம் எடுத்த விதம் சரியில்லை. எது என்று தெரிய நாயின் மூத்திரத்தைப் பார்க்கலாம். அது கட்டங்காப்பி நிறத்தில் இருந்தால் உடைவது நாயின் உடம்புக்குள்தான். மூத்திரத்தையும் சுழற்றிப் பார்த்தால், சிவப்பணு கலந்திருந்தால் அடியில் படிந்து மேலே தெளியும். ஹீமோகுளோபின் என்றால் தெளியாமல் அதே நிறத்தில் நிற்கும்.

அந்தப் பிளாஸ்மாவை ஒரு சொட்டு ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டால் மொத்தப் புரதமும் கிடைத்துவிடும். பிசிவியும் புரதமும் சேர்ந்து இறங்கியிருந்தால் எங்கோ ரத்தம் ஒழுகியிருக்கிறது. பிசிவி இறங்கி, புரதம் இயல்பாக நின்றால் சிவப்பணு உடம்புக்குள் அழிகிறது, அல்லது எலும்பு மஜ்ஜை உற்பத்தி செய்யவில்லை. புரதம் 8க்கு மேலே ஏறி, அதில் குளோபுலின் பங்கு பெருத்து ஆல்புமின் இளைத்திருந்தால் நெடுநாள் எர்லிக்கியாவை நினைக்க வேண்டும். ஒரு கண்ணாடிக் குழாயில் இவ்வளவு விஷயம் இருக்கிறது.

ஸ்லைடு

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பபேசியாவைத் தேட வேண்டிய ரத்தம் முன்னங்கால் நரம்பில் மட்டும் இல்லை. காது மடலின் ஓரத்திலும் எடுக்க வேண்டும். ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு, முக்கியமாகப் பெரிய வகைப் பபேசியா புகுந்தது, நுண்குழாய்களில் ஒட்டித் தேங்கும். அதனால் காது நுனி ரத்தத்தில் கண்ணில் படும் வாய்ப்பு அதிகம். முடியை வழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். ஈரம் இருந்தால் ஸ்பிரிட்டே அணுக்களை உடைத்துவிடும். பிறகு 26 நம்பர் ஊசியால் ஒரு குத்து, கம்பு மணி அளவு சொட்டு. வேலை முடிந்ததும் பஞ்சை வைத்து நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும், பிளேட்லெட் குறைந்த நாய்க்குக் காது சும்மா நிற்காது.

இழுக்கும் கண்ணாடியை 30 முதல் 45 டிகிரிக்குச் சாய்த்து, தயங்காமல் ஒரே இழுப்பு. ரத்தசோகை நாயின் ரத்தம் தண்ணியாக ஓடும், ஆகவே கோணத்தைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஸ்மியர், அதாவது இழுத்த ரத்தப் படலம், முனை காணாமல் ஸ்லைடு முழுக்க ஓடிவிடும். நல்ல ஸ்மியர் கட்டைவிரல் பதிவு போல, முனையில் இறகாக மெலிந்து முடியும்.

இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல்கள் தொடங்குகின்றன. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றில் அத்தனை ஈரம். ஸ்லைடு மெதுவாகக் காயும், காயும்போது ஒவ்வொரு சிவப்பணுவிலும் ஈரக் குழி விழும். சாயம் போட்டுப் பார்த்தால் அந்தக் குழி அச்சு அசலாகச் சின்ன வளையம் போலத் தெரியும். அதைப் பார்த்து 'பபேசியா பாசிட்டிவ்' என்று எழுதப்பட்ட ரிப்போர்ட்டுகள் உண்டு. பிரித்தறிய வழி இருக்கிறது: ஃபோகஸ் திருகை மேலும் கீழும் லேசாகத் திருகினால் ஈரக் குழி பளிச்பளிச்சென்று மின்னும். ஒட்டுண்ணி மின்னாது, அதன் ஓரம் நீலமாக, கரு ஊதாச் சிவப்பாக, ஃபோகஸ் மாறும்போது சும்மா மங்கும். ஸ்லைடை இழுத்த கையோடு ஹேர் டிரையரின் குறைந்த சூட்டில் காட்டியோ, விசிறியோ உடனே காயவைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

சிவப்பணுவின் மேல் பிளேட்லெட் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தாலும் ஒட்டுண்ணி போலவே இருக்கும். அதைச் சுற்றி வெளிறிய ஒரு வளையம் தெரியும், ஃபோகஸும் அணுவோடு சேர்ந்து வராது. சாயத் தூள் படிந்திருந்தால் அணுக்களுக்கு வெளியே வெறும் இடத்திலும் அதே புள்ளிகள் கிடக்கும். ஹோவெல் ஜாலி உருண்டைகள், அதாவது சிவப்பணுவில் மிஞ்சிய கருத் துணுக்குகள், அடர்ந்த ஒரே நிறத்தில், நடுவில் வெளிறல் இல்லாமல் இருக்கும். இந்த நாலையும் கண்டு விலக்கத் தெரிந்த கைதான் பபேசியாவைப் பார்த்தேன் என்று சொல்லலாம்.

தண்ணீரும் ஒரு காரணம். நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரம் நிலத்தடி நீரில் உப்பு. அந்தப் போர் தண்ணீரில் லீஷ்மன் சாயத்தைக் கரைத்தால் நிறம் பிசகும், தூளும் படியும். பி.எச் 7.2 வைத்த பஃபர் தண்ணீர்தான் வேண்டும். லீஷ்மனை ஸ்மியர் மேல் ஊற்றி 2 நிமிஷம், பிறகு அதுபோல் இருமடங்கு பஃபர் தண்ணீர் சேர்த்து 10 முதல் 12 நிமிஷம். ஜீம்சா சாயம் என்றால் மெத்தனாலில் 3 முதல் 5 நிமிஷம் நிலைப்படுத்தி, ஒன்றுக்குப் பத்து கரைசலில் அரைமணி நேரம். ஜீம்சாவில் சின்ன வகைப் பபேசியா இன்னும் தெளிவாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

முத்துப்பேட்டையிலிருந்தோ திருத்துறைப்பூண்டியிலிருந்தோ ட்யூபைப் பஸ்ஸில் தஞ்சாவூருக்குக் கொடுத்தனுப்புகிறோம் என்றால், ஸ்மியரை அங்கேயே இழுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். பல மணி நேரம் ட்யூபில் நின்ற ரத்தத்தில் அணுக்களின் வடிவம் மாறும், ஒட்டுண்ணியும் உருக்குலையும். இழுத்த ஸ்மியரை மெத்தனாலில் நிலைப்படுத்தாமல் மேசையில் வைத்தால் ஈயும் எறும்பும் கரப்பானும் தின்றுவிடும். காலையில் பார்த்தால் கண்ணாடியில் பாதி ரத்தம் இருக்காது. திசு போட்ட ஃபார்மலின் பாட்டிலோடு ஒரே பெட்டியில் ஸ்லைடை வைக்கவே கூடாது. அந்த ஆவி பட்டாலே சாயம் பிடிக்காது.

அதே ஸ்லைடில் பிளேட்லெட்டையும் சரிபார்த்துக்கொள்ளலாம். முதலில் இறகு முனையில் திரள்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இருந்தால் மெஷின் தந்த எண்ணை மறந்துவிடலாம். இல்லையென்றால் ஆயில் லென்ஸில் பத்து இடத்தில் எண்ணிச் சராசரி எடுத்து 15,000ஆல் பெருக்கினால் தோராயமான எண்ணிக்கை வரும். ஓரிடத்துக்கு ஒன்று என்றால் 15,000, பத்து என்றால் ஒன்றரை லட்சம்.

நீலம் கலந்த பெரிய சிவப்பணுக்கள் நிறையத் தெரிந்தால் மஜ்ஜை வேலை செய்கிறது என்று பொருள், அது நல்ல செய்தி. ஆனால் நோய் தொடங்கி மூன்று முதல் ஐந்து நாள் வரை அவை தெரியாது. முதல் நாள் ஸ்லைடில் அவை இல்லையே என்று மஜ்ஜையைக் குறை சொல்லிவிடக் கூடாது. கருவுள்ள சிவப்பணுக்களும் வெளியே வந்திருக்கலாம்; அவற்றை மெஷின் வெள்ளையணு என்று எண்ணிவிடும்.

காது ரத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் இன்னொரு வழி: பிசிவி குழாயை வெள்ளைப் படலத்துக்குச் சற்றுக் கீழே உடைத்து, அந்த இடத்து ரத்தத்தில் ஸ்மியர் போடலாம். ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு எடை குறைந்தது, அது அங்கேதான் திரண்டிருக்கும். வெள்ளைப் படலத்திலேயே போடும் ஸ்மியரில் எர்லிக்கியாவின் மல்பெரிப் பழக்கொத்து போன்ற உருவம் மோனோசைட்டுக்குள் கிடைக்கக்கூடும். கிடைக்காவிட்டாலும் எர்லிக்கியா இல்லை என்றாகாது, அது அரிதாகவே கண்ணில் படும்.

பெரியதா, சின்னதா

எல்லாம் வந்து நிற்கும் இடம் இதுதான். ஸ்லைடில் பபேசியா தெரிந்தது. எந்தப் பபேசியா? சிவப்பணுவுக்குள் இரண்டு நீர்த்துளிகள் கூர்முனையில் சேர்ந்தாற்போல், அணுவில் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டு இருந்தால் அது பெரிய வகை, நம் பக்கம் பபேசியா வோகலி. 1 முதல் 3 மைக்ரான் அளவில் சின்ன மோதிரமாக, புள்ளியாக, காற்புள்ளியாக இருந்தால் பபேசியா கிப்சோனி. இந்தச் சின்ன வகையை உலகத்துக்கு முதலில் விவரித்ததே நம் மாகாணத்திலிருந்துதான். 1910இல் பேட்டன் என்ற ஆய்வாளர் சென்னையின் வேட்டை நாய்களின் ரத்தத்திலும், பிறகு குள்ளநரியின் ரத்தத்திலும் கண்டு எழுதினார். நூறு வருஷத்துக்கு மேல் நம்மோடு இருக்கிற ஒட்டுண்ணியை இன்னும் 'டிக் ஃபீவர்' என்ற மூட்டைக்குள்ளேயே வைத்திருக்கிறோம் என்பது எனக்கு வருத்தம்தான்.

பெரியதா சின்னதா என்பது புத்தகப் பிரிவினை இல்லை. வோகலிக்கு இமிடோகார்ப் ஊசி கிலோவுக்கு 6.6 மில்லிகிராம், 14 நாள் கழித்து இன்னொன்று; பெரும்பாலும் அதில் முடிந்துவிடும். ஊசிக்கு முன்னால் அட்ரோப்பின் போடாவிட்டால் எச்சில் ஒழுகும், வாந்தியும் பேதியும் வரும், வீட்டுக்காரர்கள் பயந்துபோவார்கள். கிப்சோனிக்கு அதே ஊசியைப் போட்டாலும் காய்ச்சல் விடும், நாய் எழுந்து சோறு தின்னும், பிளேட்லெட்டும் ஏறும். 'கவுண்ட் ஏறிடுச்சு' என்று எல்லோரும் நிம்மதியாகும் நேரத்தில் ஒட்டுண்ணி குறைந்திருக்கிறதே தவிர ஒழிந்திருக்காது. சில வாரமோ மாதமோ கழித்து ஈறு மறுபடி வெளுக்கும். கிப்சோனிக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவது அடோவாகுவோன் கிலோவுக்கு 13.3 மில்லிகிராம் 8 மணிக்கு ஒருமுறை, கூடவே அசித்ரோமைசின் கிலோவுக்கு 10 மில்லிகிராம் தினம் ஒருமுறை, 10 நாள். அடோவாகுவோனைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் சேரும். விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடைக்காது. கிளிண்டாமைசின், மெட்ரோனிடசோல், டாக்ஸிசைக்ளின் சேர்த்துக் கொடுக்கும் மாற்று முறைகளும் இருக்கின்றன. இதைக் கால்நடை மருத்துவர் நாயைப் பார்த்து முடிவுசெய்வார். எது கொடுப்பதானாலும் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். எர்லிக்கியாவுக்கு 28 நாள் கொடுக்கும் டாக்ஸிசைக்ளினைத் தனியாகக் கொடுத்துப் பபேசியாவை ஒழிக்க முடியாது.

இன்னொரு விபத்தும் இந்த இடத்தில் நடக்கிறது. பபேசியா வந்த நாயின் உடம்பு தன் சிவப்பணுவையே எதிரியாக நினைத்து அழிக்கத் தொடங்கலாம். ஸ்லைடில் நடு வெளிறல் இல்லாத சின்ன உருண்டை அணுக்கள் தெரியும். ஒரு சொட்டு ரத்தத்தில் நாலு சொட்டு சலைன் கலந்தாலும் அணுக்கள் பிரியாமல் திரண்டே நிற்கும். அதைப் பார்த்து 'தன்னெதிர்ப்பு ரத்தசோகை' என்று மட்டும் முடிவுகட்டி, ஒட்டுண்ணியைத் தேடாமல் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை அதிக அளவில் தொடங்கினால், கட்டுக்குள் இருந்த கிப்சோனி பெருகிவிடும்.

பிசிவி 15க்குக் கீழே போய் நாய் மூச்சு வாங்கினால் ரத்தம் ஏற்றாமல் தீராது. கணக்கு எளிது: கிலோவுக்கு 2 மில்லி ரத்தம் ஏற்றினால் பிசிவி தோராயமாக 1 ஏறும். 20 கிலோ நாய்க்கு 12இலிருந்து 20க்குக் கொண்டுவர 320 மில்லி. ரத்தம் கொடுக்கிற நாய் பார்க்கத் திடமாக இருந்தால் போதாது. கிப்சோனியைச் சத்தமில்லாமல் சுமக்கும் நாய்கள் ஏராளம், அந்த ரத்தமே நோயை ஏற்றிவிடும். உண்ணி இல்லாமலேயே, நாய்ச் சண்டையில் கடிபட்டும் கிப்சோனி பரவுகிறது. 'எங்க நாய்மேல ஒரு உண்ணிகூட இல்லியே சார்' என்பவர்களிடம் சண்டைத் தழும்பு இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஸ்லைடில் ஒன்றும் தெரியாவிட்டால் பி.சி.ஆர், அதாவது கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை. ரத்தத்தை மருந்து தொடங்கும் முன்பே ஊதா மூடி ட்யூபில் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும், உறையவிடக் கூடாது. பத்து நிமிஷத்தில் கோடு காட்டும் கிட்டுகள் பார்ப்பது எதிர்ப்புப்புரதத்தை. எப்போதோ வந்துபோன எர்லிக்கியாவுக்கும் மாதக்கணக்கில் கோடு விழும்; போன வாரம் தொற்றியதற்கு விழாமலும் போகும்.

கிப்சோனிக்கு மருந்து முடிந்தபின் பிளேட்லெட் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது என்று விட்டுவிடாமல், மருந்து முடிந்த 60ஆம் நாள் ஒரு பி.சி.ஆர், 90ஆம் நாள் இன்னொன்று எடுக்க வேண்டும். இரண்டிலும் இல்லை என்று வந்தால்தான் இல்லை. தீபாவளி வாக்கில் மருந்து முடிந்த நாய்க்கு முதல் சோதனை மார்கழியில் வரும். இரண்டாவது தையில், சம்பா அறுவடை மும்முரத்தில், வீட்டில் ஒருவருக்கும் நிற்க நேரமில்லாத நாட்களில் வரும். நாய் அப்போது களத்தில் நெல்லுக்குக் காவலாக ஓடிக்கொண்டிருக்கும், நோய் வந்த சுவடே தெரியாது. அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் வட்டமிட்டு வைத்துவிடுங்கள்.